நம்ம ஊர்ப் பெரியவருக்கு எம்.எல்.ஏ. கையால் ஒரு மரியாதை: பதினாறு மாதம் அலைந்து தெரிந்துகொண்ட வழி

ஈரோடு மாவட்டம் கோபிப் (கோபிசெட்டிபாளையம்) பக்கம் ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். முதியோர் உதவித்தொகை, வாரிசுச் சான்று, பட்டா மாறுதல் என்று ஊருக்கெல்லாம் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறவன். அப்படிப்பட்ட எனக்கே, எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவருக்குப் பத்துப் பேர் பார்க்க ஒரு பொன்னாடை போர்த்த வைக்கப் பதினாறு மாதம் ஆனது. இடையில் தப்பான ஊருக்கு பஸ் ஏறினேன். ஒரு கடைசித் தேதியைத் தவறவிட்டேன். பெரியவரைப் பட்டினியாக மூன்றரை மணி நேரம் உட்கார வைத்தேன். இந்த மூன்றையும் நீங்கள் செய்யாமல் இருக்கத்தான் எழுதுகிறேன்.

அவரைப் பற்றி நாலு வரி. ஊரே அவரை அப்பாரு என்றுதான் கூப்பிடும். தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் விட்டால் போதும், பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் அவர் வீட்டுத் திண்ணையில் வந்து நிற்கும். காய்ந்த சுரைக்குடுக்கை இரண்டை முதுகில் கட்டி, மதகுக்குப் பக்கத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் இறக்கிவிடுவார். பயம் தெளிந்ததும் ஒரு குடுக்கையை அவிழ்ப்பார். அடுத்த வாரம் இன்னொன்றை, நமக்குத் தெரியாமலே. நானும் அப்படிக் கற்றவன்தான். நாற்பது வருடமாக இதைச் செய்கிறார், ஒரு பைசா வாங்கியதில்லை.

உங்கள் ஊரில் பேறுகாலம் பார்த்த அம்மா இருக்கலாம், ஒயிற்கும்மி சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் இருக்கலாம். வழி ஒன்றுதான்.

1. முதலில் அவரிடமே கேளுங்கள்

ஆச்சரியமாக இருக்கும், ஆனால் பலரும் விட்டுவிடுவது இதைத்தான். ‘எனக்கெதுக்கு கண்ணு அதெல்லாம்?’ என்பார்கள். அதைச் சம்மதம் என்றும் எடுக்காதீர்கள், மறுப்பு என்றும் எடுக்காதீர்கள். இரண்டு நாள் கழித்து, வீட்டு ஆட்களும் இருக்கும்போது மறுபடி உட்கார்ந்து பேசுங்கள்.

பேசும்போது மூன்று விஷயத்தை உடைத்துச் சொல்லிவிட வேண்டும். ஆதார் நகல், போட்டோ எல்லாம் நாலு கை மாறும் என்பது ஒன்று. அவர் பேரில் ஏதாவது வழக்கு, பங்காளித் தகராறு இருந்தால் இப்போதே சொல்லிவிட வேண்டும் என்பது இரண்டு. அரசு விருது என்று போனால் காவல் துறையிடம் விசாரிப்பது வழக்கம், அப்போது தெரியவந்தால் அவருக்குத்தான் தலைகுனிவு.

மூன்றாவது, கட்சிப் பேச்சு. எம்.எல்.ஏ. எந்தக் கட்சியானாலும் சரி, மறுநாள் டீக்கடையில் ‘பெருசு அந்தப் பக்கம் சாஞ்சிருச்சு’ என்று ஒருவர் சொல்லத்தான் செய்வார். அப்பாருவுக்கு இதில் கவலை இல்லை. ‘ஓட்டு யாருக்குப் போட்டேன்னு எனக்குத் தெரியும்’ என்றார். அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: ஆத்தாவும், அதாவது அவர் மனைவியும், மேடையில் பக்கத்தில் உட்கார வேண்டும். குடுக்கையைக் காயவைத்து, ஓட்டை அடைத்து, கயிறு திரித்தது எல்லாம் ஆத்தாதானாம். அது எனக்கு அன்றுதான் தெரியும்.

அவர் அரசு ஊழியராக இருந்தால் இன்னொன்று. தன்னைப் பாராட்டி நடக்கும் கூட்டத்தில் கலந்துகொள்ள, நடத்தை விதிகளின்படி முன்கூட்டியே துறை அனுமதி வாங்க வேண்டும். வாங்காமல் மேடை ஏறிவிட்டு, மாலையோடு மெமோவும் வாங்க வேண்டாம்.

2. எந்த மரியாதை என்று தீர்மானியுங்கள்

எல்லாவற்றையும் ஒரே மனுவில் கேட்டால் எதுவும் நடக்காது. கீழிருந்து மேலாகப் பார்த்தால் இப்படி:

கிராம சபையில் பாராட்டுத் தீர்மானம். செலவு இல்லை. மற்ற எல்லாவற்றுக்கும் இதுவே அடிப்படைக் காகிதம் ஆகிறது.

எம்.எல்.ஏ. அல்லது எம்.பி. ஊருக்கு வந்து மேடையில் கௌரவிப்பது. பெரும்பாலானவர்கள் கேட்பது இதைத்தான்.

சட்டமன்றத்தில் அவர் பெயரைச் சொல்ல வைப்பது. அமெரிக்காவில் இருக்கும் என் சித்தப்பா மகன் சொல்வான், அங்கே நாடாளுமன்ற உறுப்பினர் தன் தொகுதிக்காரர் ஒருவரைப் பாராட்டி எழுதிக் கொடுத்தால் அது அவைப் பதிவேட்டில் அச்சாகிவிடுமாம், அவையில் எழுந்து பேசக்கூட வேண்டாமாம். நம்மிடம் அப்படித் தனிப் பகுதி கிடையாது. ஆனால் மானியக் கோரிக்கை (துறைகளுக்குப் பணம் ஒதுக்கும்) விவாதத்தில் உறுப்பினர் பேசுவது அவைக் குறிப்பில் ஏறும். அதனால் வெறும் பாராட்டாகக் கேட்காமல் ஒரு கோரிக்கையோடு முடிச்சுப் போடுங்கள். நான் எழுதிக் கொடுத்தது இப்படி: ‘இந்தப் பெரியவர் தனியாளாகப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கிறார், கொடிவேரி அணைப் பகுதியில் உயிர்காக்கும் மிதவைகளும் பயிற்சி பெற்ற ஆட்களும் கூடுதலாக வேண்டும்.’ பேசும் உறுப்பினருக்கும் அப்போது கையில் ஒரு விஷயம் இருக்கும்.

அப்புறம் மாநில விருது, மத்திய விருது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

3. உங்கள் எம்.பி. யார் என்று சரிபாருங்கள்

நான் சறுக்கிய முதல் இடம். எங்கள் மாவட்டம் ஈரோடு, ஆகவே எம்.பி.யும் ஈரோடு என்று நினைத்து, கோப்பைக் கட்டிக்கொண்டு ஈரோட்டுக்கு பஸ் ஏறிவிட்டேன். அங்கே இருந்தவர் வாக்காளர் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘ஏனுங்க, உங்களுக்கு எம்.பி. திருப்பூருங்களே’ என்றார். அரை நாள் போச்சு.

மக்களவைத் தொகுதி மாவட்ட எல்லையைப் பார்த்துப் போவதில்லை. நம் பக்கம் இந்தக் குழப்பம் ரொம்பவே அதிகம்:

கோபி, பவானி, அந்தியூர், பெருந்துறை எல்லாம் திருப்பூர் மக்களவைத் தொகுதி.

தாராபுரம், காங்கயம் இருப்பது திருப்பூர் மாவட்டம், எம்.பி. ஈரோடு. நாமக்கல் மாவட்டத்துக் குமாரபாளையத்துக்கும் ஈரோடுதான்.

மேட்டுப்பாளையம், அவினாசி, பவானிசாகர் மூன்றும் நீலகிரி.

தொண்டாமுத்தூர், கிணத்துக்கடவு பொள்ளாச்சியில் வரும். உடுமலைப்பேட்டை, மடத்துக்குளமும் அப்படியே. பல்லடம் கோயம்புத்தூரில் வரும்.

பெரியவரின் வாக்காளர் அட்டையைத்தான் பார்க்க வேண்டும், உங்களுடையதை அல்ல. எம்.எல்.ஏ. அலுவலகத்தில் முதலில் கேட்பது ‘பூத் எதுங்க?’ என்பதுதான். பாகம் எண், வரிசை எண் இரண்டையும் மனுவின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். சந்தேகம் இருந்தால் 1950 என்ற எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாம்.

4. கோப்பைத் தயார் செய்யுங்கள்

பாதி வேலை இங்கேதான். அவசரப்படாதீர்கள், இரண்டு மாதம் ஒதுக்குங்கள்.

பெயர், வயது: ஆதார், ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்பாருவுக்கு மூன்றிலும் மூன்று விதமாக இருந்தது. ஒன்றில் இனிஷியல் முன்னால், ஒன்றில் பின்னால், ஒன்றில் இனிஷியலே இல்லை. பிறந்த தேதி பல பெரியவர்களுக்கு இருப்பது போல ஜனவரி 1. ‘வயது 78’ என்று மனுவில் எழுதிவிட்டு ஆதாரில் 74 இருந்தால், அடுத்து நீங்கள் சொல்லும் எதையும் நம்ப மாட்டார்கள். ஆதாரில் உள்ளதையே எல்லா இடத்திலும் எழுதுங்கள்.

சாதனைக்குச் சாட்சி: நான் முதலில் எழுதிய மனுவில் ‘ஆயிரக்கணக்கான சிறுவர்களுக்கு’ என்று போட்டிருந்தேன். என் கடைக்கு வரும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அதைப் படித்துவிட்டு, ‘எண்ணிப் பார்த்தியா தம்பி?’ என்றார். எண்ணவில்லைதான்.

அதற்கப்புறம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, கயிறு கட்டி, பால் சொசைட்டிக்கு எதிரே இருக்கும் டீக்கடை மேசையில் தொங்கவிட்டேன். அப்பாருவிடம் நீச்சல் கற்றவர்கள் பெயர், கற்ற வருடம், இப்போது என்ன வேலை, போன் எண், கையெழுத்து. ஒரு மாதத்தில் 187 பேர் எழுதினார்கள். தீயணைப்புத் துறையில் ஒருவர், கடற்படையில் ஒருவர், துபாயில் இருந்து அண்ணனை விட்டு எழுதச் சொன்னவர் இரண்டு பேர். ஒரு பாட்டி வந்து, எழுதத் தெரியாது என்று சொல்லி, கட்டைவிரல் ரேகை வைத்துவிட்டுப் போனார். 1991இல் அவருடைய மகனை வாய்க்காலில் இருந்து தூக்கியவர் அப்பாரு. அந்த மகனுக்கு இப்போது கல்லூரிக்குப் போகிற பெண் இருக்கிறாள்.

பிறகு மனுவில் இருந்து ‘ஆயிரக்கணக்கான’ போய், ‘கையெழுத்திட்ட 187 பேர்’ வந்தது. எம்.எல்.ஏ. அலுவலகத்துப் பி.ஏ. என் மனுவை ஓரமாக வைத்துவிட்டு அந்த நோட்டைத்தான் புரட்டினார். ஏழாவது பக்கத்தில் நிறுத்தி, ‘அட, இது நம்ம மச்சானுங்க!’ என்றார். அந்த நிமிடமே வேலை பாதி முடிந்தது.

கோப்பில் வைக்க வேண்டிய மற்றவை: ஒரே பக்கத்தில் அடங்கும் அறிமுகம், பள்ளித் தலைமையாசிரியரிடம் இருந்து முத்திரையோடு ஒரு கடிதம், கிராம சபைத் தீர்மானத்தின் நகல், செய்தித்தாளில் ஏதாவது வந்திருந்தால் தேதியும் பக்கமும் தெரியும்படி முழுப் பக்க நகல். போட்டோ ஐந்து போதும். வேலை செய்யும்போது எடுத்ததாக இருக்கட்டும். பாஸ்போர்ட் போட்டோவில் யாருக்கும் நீச்சல் தெரியாது.

எல்லாவற்றையும் நாலு செட் எடுங்கள். அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள். 1980களில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை, வாய்க்கால் கரையில் குடுக்கை கட்டிய ஆறு பையன்களோடு அப்பாரு நிற்பதை, ‘ஸ்கேன் பண்ணிட்டுத் தர்றேன்’ என்று ஒருவர் வாங்கிப் போனார். இன்று வரை வரவில்லை. ஜெராக்ஸ் கடைக்காரனிடமே ஸ்கேன் பண்ணித் தருகிறேன் என்று சொல்லி வாங்கியிருக்கிறார், நானும் கொடுத்திருக்கிறேன்.

5. கிராம சபைத் தீர்மானம்

தமிழ்நாட்டில் கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை கூடும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பத்து நாள் முன்னாலேயே ஊராட்சிச் செயலரிடம் எழுத்தில் கொடுத்து, கூட்டப் பொருளில் சேர்க்கச் சொல்லுங்கள். அன்றைக்குப் போய்க் கை தூக்கினால் கைதட்டல் கிடைக்கும், தீர்மானம் எழுத மாட்டார்கள். தலைவர்கள் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் காலத்திலும் கிராம சபை நடக்கும், தீர்மானமும் போடலாம்.

கூட்டம் முடிந்ததும் விட்டுவிடாதீர்கள். தீர்மான எண், தேதி, கையெழுத்து, முத்திரையோடு நகல் கைக்கு வர வேண்டும். எனக்கு மூன்று வாரம் ஆனது. நகரத்தில் கிராம சபை கிடையாது; வார்டு கவுன்சிலரின் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

6. அலுவலகத்தில் மனு கொடுப்பது

பி.ஏ.வைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எம்.எல்.ஏ.வைக் கல்யாண மண்டபத்தில் மடக்கிக் கொடுக்கும் மனு, மொய்க் கவரோடு சேர்ந்து எங்கேயோ போய்விடும். காலையில் எட்டு, எட்டரைக்குப் போனால் ஆள் இருப்பார். கூட நான்கு பேர் போதும். வேன் வைத்து நாற்பது பேரோடு போனால் ஏதோ போராட்டம் என்று நினைத்துக்கொள்வார்கள். நான்கு பேரில் ஒருவராவது அந்தக் கட்சியும் இல்லாத, எதிர்க்கட்சியும் இல்லாத ஆளாக, ஆசிரியர், ஓய்வுபெற்ற அலுவலர் மாதிரி இருந்தால் நல்லது.

மனு ஒரு பக்கம். ‘பொருள்’ வரியில் சுற்றி வளைக்காமல் எழுதுங்கள்: ‘எங்கள் ஊராட்சியில் 40 ஆண்டுகளாக இலவசமாக நீச்சல் கற்றுத்தரும் பெரியவரைத் தாங்கள் நேரில் வந்து கௌரவிக்க வேண்டுதல் தொடர்பாக.’ கீழே யார், என்ன செய்தார், எத்தனை சாட்சி, எந்த நாட்கள் தோது, தொடர்புக்கு யார். அவ்வளவுதான். இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பதினைந்து நாளுக்கு ஒரு முறை போனில் நினைவூட்டலாம். தினமும் கூப்பிட்டால் எண்ணை பிளாக் பண்ணிவிடுவார்கள், அதுவும் நியாயம்தான்.

ஒரு தப்பான எண்ணத்தை இங்கேயே போக்கிவிடுகிறேன். எம்.எல்.ஏ.வுக்கு வருடம் 3 கோடி, எம்.பி.க்கு 5 கோடி தொகுதி நிதி இருக்கிறதே, அதில் ஒரு விழா எடுக்கக் கூடாதா என்று எங்கள் ஊரிலேயே பலர் கேட்டார்கள். கூடாது. அந்தப் பணம் கட்டடம், சாலை, குடிநீர் போன்ற பொதுப் பணிகளுக்கு. தனியாளுக்குப் பரிசோ பணமுடிப்போ அதில் கொடுக்க முடியாது. விழாச் செலவு ஊர்ச் செலவு.

7. நாள் குறிப்பது

முகூர்த்த நாளைத் தவிருங்கள். தை, வைகாசி, ஆவணி முகூர்த்தம் என்றால் நம் பக்கத்து எம்.எல்.ஏ. யாராக இருந்தாலும் விடிகாலை நாலு மணியில் இருந்து மண்டபம் மண்டபமாக அலைய வேண்டியிருக்கும். நான் வைகாசி முகூர்த்தத்தன்றே வைத்தேன். பி.ஏ. முன்கூட்டியே சொன்னார், ‘அன்னிக்கு மதியம் ஆயிருமுங்க’ என்று. பந்தல்காரர் அன்றுதான் காலி என்றதால், அழைப்பிதழில் காலை 10 மணி என்று அச்சடித்தது நான். ஒன்றரைக்குத்தான் கார் வந்தது. அப்பாருவுக்குச் சர்க்கரை உண்டு. மரியாதைக்காக எதுவும் சாப்பிடாமல் வேட்டியைக்கூடத் தளர்த்தாமல் உட்கார்ந்திருந்தார். ஒரு மணிக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. ஆத்தா முந்தானையில் முடிந்து வைத்திருந்த வெல்லக்கட்டியை வாயில் போட்டுவிட்டார். அதைப் பார்த்துக்கொண்டு மைக்கில் ‘இன்னும் சற்று நேரத்தில்’ என்று அறிவித்துக்கொண்டிருந்தவனும் நானேதான்.

ஆடி மாதம் பாருங்கள். கல்யாணம் இருக்காது. ஆடி 18 மட்டும் வேண்டாம், பவானி கூடுதுறைப் பக்கம் வண்டியே நகராது. பங்குனியில் பண்ணாரி அம்மன் கோயில் குண்டம் (தீமிதி) நடக்கும் வாரத்தில் சத்தி (சத்தியமங்கலம்), கோபிப் பக்கம் ஒரு வேலையும் ஓடாது. சட்டமன்றக் கூட்டத்தொடர் நடந்தால் எம்.எல்.ஏ. சென்னையில் இருப்பார். எம்.பி. என்றால் நாடாளுமன்றம் நடக்கும் காலத்தில் சனி, ஞாயிறுதான்.

தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வையுங்கள். நடத்தை விதி வந்ததும் எம்.எல்.ஏ. அலுவலகத்தையே பூட்டி விடுவார்கள். நான் 2024 பொங்கல் கழித்து ஆரம்பித்தேன். மார்ச் 16இல் மக்களவைத் தேர்தல் அறிவிப்பு வந்தது. ஜூன் 4 ஓட்டு எண்ணிக்கை முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

8. செலவு

என் நோட்டில் உள்ளபடி:

நகல், அச்சு 640 ரூபாய். போட்டோ பிரிண்ட் 450. பொன்னாடை, மாலை (இரண்டு பேருக்கு) 900. சாமியானா 2,000. நாற்காலி நூறு, வாடகை 800. மைக் செட் 2,500. நினைவுப் பரிசு 1,200. டீ, வடை 3,000. அலைச்சலுக்குக் கார், பெட்ரோல் 1,800. ஆக மொத்தம் 13,290.

இதில் ஃப்ளெக்ஸ் இல்லை, கவனித்திருப்பீர்கள். வேண்டுமென்றே வைக்கவில்லை. அனுமதி இல்லாமல் சாலையோரம் பேனர் வைக்கக் கூடாது, அது ஒரு பக்கம். 2017இல் கோவை அவினாசி சாலையில் விழாவுக்கு வைத்த அலங்கார வளைவில் மோதி ஒரு இளைஞர் இறந்தார், நம் ஊர்க்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அது போக, ஃப்ளெக்ஸ் அடித்தால் அதில் யார் படம் பெரிது என்ற சண்டை வரும். கடைசியில் பெரியவர் படம் ஸ்டாம்பு சைஸுக்குப் போய்விடும்.

வசூல் செய்வதாக இருந்தால் ரசீது போடுங்கள். நாங்கள் நோட்டில் கையெழுத்துப் போட்டவர்களில் இருபத்தாறு பேரிடம் ஆளுக்கு 500 வாங்கினோம், மீதி 290 என் கையில் இருந்து.

9. விழா நாள்

ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். பள்ளி வளாகத்தில் வைக்க நினைத்தால் கல்வித் துறை அனுமதி வேண்டும், அரசியல் வாசம் அடித்தால் கிடைக்காது. சமுதாயக் கூடம் சுலபம்.

பேச்சாளர்களைக் குறையுங்கள். எங்கள் மேடையில் ஒன்பது பேர் பேசினார்கள், அப்பாருவுக்கு மைக் வரும்போது இரண்டரை மணி. ‘தண்ணிக்குப் பயப்படாதீங்க, ஆனா அதை ஏமாத்தப் பாக்காதீங்க’ என்று ஒரே வரி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். இன்னொரு முறை நடத்தினால் அவரை முதலில் பேச வைத்துவிடுவேன். நினைவுப் பரிசில் பெயர் எழுத்தை அச்சுக்கு முன் வீட்டு ஆட்களிடம் காட்டிச் சரிபாருங்கள். எங்களுடையதில் ஊர்ப் பெயரில் ஒரு ‘ற’ ‘ர’ ஆகிவிட்டது. அலமாரியில் இன்றும் அப்படியே இருக்கிறது.

10. அரசு விருதுகளுக்கு எழுதுவது

இதற்கு எம்.எல்.ஏ. பரிந்துரை கட்டாயம் இல்லை. மாநில விருதுகளுக்குத் தமிழக அரசின் விருதுகள் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். சுதந்திர தினத்தில் தருவது: துணிவான செயலுக்குப் பெண்களுக்கான கல்பனா சாவ்லா விருது (5 லட்சம் ரூபாய்), 15 முதல் 35 வயது வரை உள்ளவர்களுக்கு முதலமைச்சரின் மாநில இளைஞர் விருது. குடியரசு தினத்தில் வீர தீரச் செயலுக்கான அண்ணா பதக்கம், கோவைக்காரரான கோட்டை அமீர் பெயரில் மத நல்லிணக்கப் பதக்கம், திருந்திய நெல் சாகுபடியில் அதிக விளைச்சல் எடுத்தவருக்கு வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு பெயரில் விருது. பெண்களுக்கு அவ்வையார் விருது மார்ச் 8ஐ ஒட்டி.

தண்ணீரில், தீயில், விபத்தில் உயிரைக் காப்பாற்றியவர் என்றால் மத்திய அரசின் ஜீவன் ரக்ஷா பதக் இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் வழியாகப் போக வேண்டும். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுக்கலாம். ஆனால் சம்பவம் பழசாக இருக்கக் கூடாது, இரண்டு ஆண்டுக்கு உட்பட்டதைத்தான் எடுப்பார்கள். 1991 கதைக்கு இங்கே இடமில்லை. உங்கள் ஊரில் யாராவது நேற்று ஒரு பிள்ளையைத் தூக்கியிருந்தால், காவல் நிலையப் பதிவு, மருத்துவமனைச் சீட்டு இரண்டையும் இன்றே வாங்கி வையுங்கள்.

பத்ம விருது நமக்கெல்லாம் எட்டாது என்று நினைக்க வேண்டாம். மலிவு விலை நாப்கின் இயந்திரம் செய்த கோவை முருகானந்தத்துக்கு 2016இல் பத்மஸ்ரீ கிடைத்தது. தேக்கம்பட்டி விவசாயி பாப்பம்மாளுக்கு 2021இல், நூறு வயது தாண்டிய பிறகு. வள்ளி ஒயிற்கும்மி பத்ரப்பனுக்கு 2024இல். யார் வேண்டுமானாலும் யாரை வேண்டுமானாலும் மத்திய அரசின் ராஷ்ட்ரீய புரஸ்கார் இணையதளத்தில் பரிந்துரைக்கலாம், தன்னைத்தானேகூட. கட்டணம் கிடையாது. சாதனை விவரம் 800 சொல்லுக்குள் இருக்க வேண்டும். மருத்துவர்கள், விஞ்ஞானிகள் தவிர அரசுப் பணியில் இருப்பவர்களுக்குத் தகுதி இல்லை. இறந்தவர்களுக்குச் சாதாரணமாகத் தருவதில்லை, ஆகவே ‘அடுத்த வருஷம் பாத்துக்கலாம்’ வேண்டாம். ரொக்கமும் கிடையாது, பெயருக்கு முன்னால் பட்டமாகப் போட்டுக்கொள்ளவும் கூடாது.

தேதிதான் கண்ணி. 2024இல் மே 1 முதல் செப்டம்பர் 15 வரை வாங்கினார்கள். அதே நினைப்பில், விழா முடிந்த பிறகு 2025 ஆகஸ்ட்டில் நிதானமாகத் திறந்தேன். அந்த வருடம் மார்ச் 15க்கே ஆரம்பித்து, நான் திறப்பதற்குள் மூடியிருந்தார்கள். ஊருக்கெல்லாம் ‘கடைசித் தேதி பாத்தீங்களா?’ என்று கேட்கிறவன் நான்.

11. காசு கேட்கும் விருதுகள்

விழாப் படம் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்த பத்தாவது நாள் ஒரு போன் வந்தது. அப்பாருவுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தருகிறார்களாம், ஐந்து நட்சத்திர ஓட்டலில் விழாவாம், ‘பதிவுக் கட்டணம்’ பதினைந்தாயிரம்தானாம். அங்கியும் தொப்பியும் அதில் அடக்கம். இந்த மாதிரி அழைப்பு உங்களுக்கும் வரும், நிச்சயமாக வரும். எந்த அரசு விருதுக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. ஆதார் நகலை வாட்ஸ்அப்பில் கேட்டாலும் அனுப்பாதீர்கள். வீட்டு ஆட்களிடமும் சொல்லி வையுங்கள், ஏனென்றால் அடுத்த போன் அவர்களுக்குத்தான் போகும். எனக்கு வந்த போனை அப்பாருவிடமே கொடுத்தேன். ‘தொப்பி போட்டுக்கிட்டு வாய்க்கால்ல எறங்க முடியுமா தம்பி?’ என்று கேட்டார். அந்தப் பக்கம் லைனைக் கட் பண்ணிவிட்டார்கள்.

பத்ம விருதுக்கு அனுப்பிய பிறகு பதில் கடிதம் எதிர்பார்க்காதீர்கள். குடியரசு தினத்துக்கு முந்தைய நாள் பட்டியல் வரும். அதில் பெயர் இல்லாவிட்டால் மறுபடியும் அனுப்பலாம், தடை ஒன்றும் இல்லை. அப்பாருவின் கோப்பு கல்லாப்பெட்டிக்குக் கீழே இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது, 800 சொல்லும் ஆங்கிலத்தில் தயார். டீக்கடை நோட்டில் பதினொரு பேர் புதிதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், அதையும் நகல் எடுத்துச் சேர்க்க வேண்டும். மார்ச் முதல் வாரத்தில் இருந்து தினமும் காலையில் கடை திறந்ததும் இணையதளத்தைத் திறந்து பார்க்கும்படி போனில் அலாரம் வைத்திருக்கிறேன். நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.